சுட்ட பொம்மையில் பல் தடம்

ஆராயியைப் "பேய் புடிச்ச பொம்பளை" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும். சொன்னவர் யார், என்ன என்று பார்க்க மாட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆராயிதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "வுடு நீலாக்கா, சோறு ஆறுது" என்றாள். அவள் அப்படி, நான் இப்படி.

நாங்கள் இரண்டு பேரும் விருத்தாசலத்தில் மாணிக்கவேல் முதலாளியின் பொம்மைக் கொட்டகையில் வேலை பார்த்தோம். வீடும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மண்சுவர்தான். கொட்டகையில் வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை இருக்கும். அந்த ஈரப் பொம்மைக்குப் பச்சை என்று பெயர். அச்சு சேர்ந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு கோடு ஓடும். அதைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது எங்கள் வேலை. காய்ந்த பிறகு சூளையில் சுட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கண் எழுதுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்மைக்கும் கண் கிடையாது. செட்டியார், செட்டிச்சி, தவழும் கிருஷ்ணன் என்று எல்லாம் வெற்று முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பலகைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார யோசிப்பார்கள். எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஆராயி நல்லூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் சூளையில் நெருப்புப் போடுகிற தங்கதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தங்கதுரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்கு மழை நிச்சயம். முதல் பிள்ளை ஆண். தவழ ஆரம்பிக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அது அறுபத்தைந்தாம் வருஷம். பழைய களிமண் குழிக்கு அந்தண்டை புதைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வலிப்பு. சின்ன வயதில் ஒன்றிரண்டு தடவை வந்து நின்றுபோனதாம், மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பேசிக்கொண்டே இருப்பாள், கழுத்து ஒரு பக்கம் திரும்பும், அப்படியே சாய்ந்துவிடுவாள். கையும் காலும் வெட்டி இழுக்கும். முடிந்ததும் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். சில நாள் விழவே மாட்டாள். கண் திறந்தபடி இருக்கும், வெறும் வாய் எதையோ மெல்லும், கூப்பிட்டால் காதில் விழாது. கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாள். அதுவும் வலிப்புதான் என்று எங்களுக்கு எங்கே தெரியும்? "கனா கண்டது போதும்டி" என்று கிண்டல் செய்வோம்.

அறுபத்தெட்டில் செம்பாயி பிறந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது ஆராயிக்கு இழுத்துவிட்டது. சிமெண்டுத் தரையில் குழந்தையின் நெற்றி பிளந்தது. அன்றைக்கே மாமியார் விருத்தாம்பாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இனிமே நீ புள்ளயத் தூக்கக் கூடாது. நான் கிட்ட இருக்கும்போது உக்காந்து பாலு குடு, அவ்ளோதான். நின்னு தூக்குனா கைய ஒடிச்சிப்புடுவேன்."

அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பேரனைக் குழியில் வைத்தவள். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவள் நான். குழந்தை அழும். ஆராயி எழுந்திருக்கிற வளையல் சத்தம் கேட்கும். "உக்காரு" என்று கிழவியின் குரல் கேட்கும். வளையல் மறுபடி அடங்கும். பால் மறந்த பிறகு உட்கார்ந்து கொடுக்கிற அந்த வேலையும் ஆராயிக்கு இல்லாமல் போயிற்று. செம்பாயி கீழே விழுந்தால் தாயைத் தாண்டி ஓடிப்போய்ப் பாட்டியின் காலைக் கட்டிக்கொள்வாள்.

கடலூருக்குப் போய் வலிப்பு மாத்திரை வாங்கி வந்தார்கள். விருத்தாம்பாள் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, ஆராயி விழுங்கித் தண்ணீர் குடிக்கிறவரை எதிரே நிற்பாள். ஒரு வேளை தப்பாது. அப்படியும் வலிப்பு நிற்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரை வெயிலில் ஒரு சூளை பிரித்தார்கள். வெந்து வெளுத்து வந்த பொம்மைகளுக்கு நடுவே ஒரு தவழும் கிருஷ்ணனுக்கு இடது பாதம் இல்லை. உடைந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். கடித்திருந்தது. கணுக்காலில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அச்சுப் போட்ட மாதிரி பல் பதிந்திருந்தது. ஒவ்வொன்றும் அரிசி அரிசியாக இருந்தது.

மாணிக்கவேல் முதலாளி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி இல்லப்பா இது. கொழந்த பல்லு" என்றார். 

அப்போதுதான் எங்களுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச காலமாகவே பச்சைப் பொம்மைகளில் ஒரு விரல், ஒரு மூக்கு, ஒரு பாதம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நீ இடித்தாய், நான் இடித்தேன் என்று திட்டிக்கொண்டு அவற்றை மறுபடி கூழ்த் தொட்டியில் போட்டிருந்தோம். எல்லாமே உச்சிப் பொழுதில், நாங்கள் சாப்பிடப் போய்த் திரும்பியபோது நடந்தவை. கொட்டகையில் அந்த நேரத்தில் ஆள் இருக்காது. அன்றிலிருந்து உச்சி வேளையில் உள்ளே தனியாகப் போக யாருக்கும் கால் வரவில்லை.

சேதி கேட்டு விருத்தாம்பாள் வந்தாள். பொம்மையை வாங்கிப் பார்த்தாள்.

"இருந்திருந்தா இப்ப ஆறு வயசு. வாய் நெறயப் பாலு பல்லு இருக்கும்" என்றாள். "மண்ணுல வச்சோம், மண்ணத் திங்கிறான். பசிச்சிக் கெடக்கறான். ஆத்தா ஒடம்புல ஏறி இழுக்கறதும் அவன்தான்."

நானும் அதை நம்பினேன். இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த வாரமே பேச்சு முடிவாகிவிட்டது. திட்டக்குடிக்கு அந்தண்டை ஒரு பூசாரி இருந்தான். மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்துப் பேய் ஓட்டுகிறவன். ஆடி அமாவாசைக்குள் வலிப்பு நிற்காவிட்டால் ஆராயியை அங்கே கொண்டுபோய் விடுவது, செம்பாயி இங்கேயே பாட்டியோடு இருப்பது. அங்கே விட்டவர்களைத் திரும்ப அழைத்து வந்ததாக எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தங்கதுரைக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சும் காதில் விழுந்தது.

ஆராயி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கிருஷ்ணனை மடியில் வைத்துக்கொண்டு பல் பதிந்த ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெகு நாளாக இல்லாத ஒரு தெளிச்சி.

"எம் புள்ளக்கிப் பல்லு மொளச்சி நான் பாத்ததே இல்லக்கா" என்றாள்.

பொம்மையைவிட அந்த முகம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மறுநாளிலிருந்து அவள் மட்டும் உச்சியில் உள்ளே போய், தன் சோற்றில் பாதியை ஒரு இலையில் வைத்து, கிருஷ்ணன் பலகைக்குப் பின்னால் வைக்க ஆரம்பித்தாள். சோற்றை எறும்பு தின்றது. பொம்மைகளின் பாதம் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு நாள் உச்சியில் நான் சாப்பிடப் போகவில்லை. தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம், கோபம்தான். செத்த பிள்ளையோ எதுவோ, இருக்கிற தாயைச் சங்கிலிக்கு அனுப்பப் பார்க்கிறாயே என்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. அடுக்கி வைத்த அச்சுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வெளியே ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வெயிலில் தகரக் கூரை டக், டக்கென்று நெளிந்தது. கண்ணில்லாத அத்தனை முகமும் என் பக்கமே திரும்பியிருந்த மாதிரி இருந்தது.

ஆராயி வந்தாள். இலையை வைத்தாள். "வாடா ராசா, வா" என்று மெல்லக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

பிறகு அவள் கழுத்து மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. வெறும் வாய் மெல்ல ஆரம்பித்தது. கை தானாக எழுந்து பலகைக்குப் போயிற்று. அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த ஈரக் கிருஷ்ணனைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோய்ப் பாதத்தைக் கடித்தாள். ஈர மண்ணில் பல் இறங்குகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் கண் நேராக என்மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ஆராயி" என்றேன். "அடியே ஆராயி!" மென்று விழுங்கினாள். பொம்மையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கண்ணைச் சிமிட்டினாள்.

"நீயாக்கா? சாப்புடப் போவலியா?"

அப்புறம் பலகையைப் பார்த்தாள். உதடெல்லாம் வெள்ளையாக, பல்லெல்லாம் வெள்ளையாக, அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள். "வந்துட்டுப் போயிருக்கான் பாரேன்! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள!"

வாய் நீளம் என்று பேர் எடுத்தவள் நான்.  முந்தானையால் அவள் வாயைத் துடைத்து, துடைத்ததை அவளுக்கே காட்டினேன்.

"மண்ணு தின்னியாடி?"

தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளைக் களிமண் துண்டுகள் இருந்தன. "இது நான் திங்கறதுதாங்கா. மழ பேஞ்ச வாசன வரும். சோறு எறங்காது, இது எறங்கும். மாத்திர கசந்து கொமட்டும், கெழவி அந்தாண்ட போனதும் ரெண்டு துண்டு போட்டுக்குவேன், கசப்பு போயிடும். செம்பாயி வயித்துல இருந்த நாள்லேருந்து இப்பிடித்தான். ஆனா பொம்மய நான் தொடலக்கா. எம் புள்ள மேல சத்தியமா தொடல."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். நான் பார்த்ததை வெளியே சொன்னால் அமாவாசைவரைகூடக் காத்திருக்க மாட்டார்கள், மறுநாளே வண்டி கட்டுவார்கள். மாத்திரை தீரப்போகிறது, வாங்கி வருகிறோம் என்று விருத்தாம்பாளிடம் சொல்லிவிட்டு ஆராயியைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். ஆராயியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். எங்கள் பச்சைப் பொம்மையின் நிறத்தில் இருந்தது. அவள் விரல் நகங்களைப் பார்த்தார்கள். "மண்ணு சாப்பிடறியாம்மா?" என்று கேட்டார்கள். ஆராயி என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பொம்மை விஷயம் உட்பட. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நெனவு தப்புறப்ப கை பழகுனதைச் செய்யும். அதுவும் வலிப்புல ஒரு வகைதான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள். "ரத்தத்துல இரும்புச் சத்து கொறஞ்சுபோனா சில பேருக்கு மண்ணு மேல ஆசை வரும். தின்ன மண்ணு மாத்திரையைப் புடிச்சு வச்சுக்குது, ரத்தத்துல முழுசா சேர விட மாட்டேங்குது. நீங்க வேளை தவறாம குடுத்தும் பாதி வீணாயிருக்கு."

ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் விடவில்லை. "இது வலிப்ப நிறுத்துமாங்க?"

"நிறுத்தாது. நிறுத்தறது வலிப்பு மாத்திரைதான், அதை ஒரு நாளும் விடக் கூடாது. இது மண்ணு ஆசையை நிறுத்தும். ரெண்டையும் சேத்துப் போடாதீங்க, அது காலையிலும் ராத்திரியும், இது மத்தியானம். வேற டானிக்கு, லேகியம் எதுவும் என்னைக் கேக்காம குடுக்காதீங்க. உடனே நிக்கலையேன்னு பயப்படாதீங்க, மாசக் கணக்காகும்."

மாசக் கணக்கு! ஆடி அமாவாசை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய இடி வீட்டுக்கு வந்த பிறகு விழுந்தது. ஆராயி மாத்திரையை நாக்குக்கு அடியில் அடக்கிக் கொல்லையில் துப்புவதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"மாத்திர வேல செஞ்சிட்டா அவன் வர மாட்டான்லக்கா?"

அறைய ஓங்கிவிட்டேன். எப்படி நிறுத்தினேனோ தெரியாது. "வூட்டுக்குள்ள அழுவறது யாரு புள்ளடி? அவள வுட்டுட்டுச் சங்கிலிக்குப் போறியா?"

"அவளுக்கு எல்லாரும் இருக்காங்க. அவனுக்கு நான் மட்டுந்தானக்கா" என்றாள்.

 அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அந்த ஈரக் கிருஷ்ணனைத் தொட்டிக்கு அனுப்ப மனசில்லாமல் நான் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். கணுக்காலில் பதிந்திருந்த பல் வளர்ந்த பொம்பளையின் பல். சூளையிலிருந்து வந்ததில் இருந்தது குழந்தைப் பல். ஒன்று அவள், இன்னொன்று அவனா என்று ஒரு நிமிஷம் நானும் தடுமாறினேன். அப்புறம் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எதைச் சுட்டாலும் சுருங்கும். அதற்காகவேதான் அச்சைப் பெரிதாக அடிக்கிறோம். தினமும் அதைச் செய்து சோறு தின்கிற அத்தனை பேரும், முதலாளி முதற்கொண்டு, ஒரு பல்லைப் பார்த்த பயத்தில் அதை மறந்துபோயிருந்தோம். ஆராயிக்கோ சின்ன வாய்.

ஒரு வில்லை ஈர மண்ணை எடுத்துப் போய் அவள் வாயில் கொடுத்தேன். "கடி" என்றேன். கடித்தாள். அதைத் தங்கதுரையிடம் கொடுத்து நடந்ததெல்லாம் சொன்னேன். அவன் வாங்கி, பொம்மைகளோடு சூளைக்குள் வைத்தான்.

சூளை பிரித்த அன்றைக்கு விருத்தாம்பாளை வரச் சொன்னேன். பழைய கிருஷ்ணனையும் புது வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அரிசி அரிசியாக அதே பல். ஆராயிக்கு மேல் வரிசையில் ஒரு பல் ஏறியிருக்கும். இரண்டிலும் அது அதே இடத்தில் ஏறியிருந்தது.

"அவ கடிச்சத என் கண்ணால பாத்தேன். நெனவு இல்லாம கடிக்கறா. இதுவும் அந்த நோவுதான்" என்றேன்.

கிழவி குனிந்து பார்த்தாள். "பல்லு அவளுது. சரி. பசி யாருது?" என்றாள்.

 மடியிலிருந்து சத்து மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தேன். "அந்தப் பசிக்குத்தான் இது. ஒடம்புல ரத்தம் இல்லாத பசி. யாருதா இருந்தாலும் குடுத்துப் பாரு."

தங்கதுரை அப்போது வாயைத் திறந்தான். "ஆடிக்கு எங்கயும் போவல. தை வரைக்கும் பாப்பம்" என்றான். அவன் அம்மாவை எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இவ்வளவுக்கும் ஆராயி தரையில் உட்கார்ந்து இரண்டு கையிலும் இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் வரவே இல்லியாக்கா? ஒரு தடவ கூட?"

"இல்லடி" என்றேன். 

பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு அவள் அப்படி அழவில்லை. சூளைக்கு முன்னால் புரண்டு புரண்டு அழுதாள். விருத்தாம்பாள்தான் போய் அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து மாத்திரையை விழுங்கினாள். மத்தியான மாத்திரையை நானே கொட்டகையில் கொடுத்தேன். சத்து மாத்திரையால் வெளிக்குக் கருப்பாகப் போவதைக் கேள்விப்பட்டு, "கெட்டது எறங்குது" என்று கிழவி சந்தோஷப்பட்டாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போகப்போக ஆராயிக்குச் சோறு இறங்கியது. முந்தானை முடிச்சு வெறும் முடிச்சானது. வலிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. தை வருவதற்குள் இரண்டு தடவை இழுத்தது. அப்புறம் இடைவெளி விட்டு வந்தது, அப்புறம் எப்போதாவது, அப்புறம் அதுவும் இல்லை. பொம்மைகள் முழுசாகச் சூளைக்குப் போயின. ஆனாலும் உச்சியில் கொட்டகைக்குள் தனியாகப் போகிற பழக்கம் யாருக்கும் திரும்ப வரவே இல்லை. எனக்கும்தான்.

செம்பாயியைத் தூக்கும் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆராயியும் கேட்கவில்லை.

எழுபத்துநாலில் செம்பாயியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள். நெட்டையாக வளர்ந்திருந்தாள். நெற்றித் தழும்பில் பவுடர் அப்பி, வாசலில் நின்றாள். விருத்தாம்பாள் அவள் கையைப் பிடித்திருந்தாள். மருமகளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு அந்தக் கையை விட்டாள்.

"நீ தூக்கிக்கினு போ" என்றாள்.

ஆராயிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் நடப்பேன்" என்றாள் செம்பாயி. ஆராயி குனிந்து அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் கால் ஆராயியின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அந்த இடுப்பில் எப்படி உட்காருவது என்று பெண்ணுக்குத் தெரியவில்லை. மரக்கட்டையாக விறைத்துக்கொண்டு, கடைசியில் தாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவே பார்க்க நடந்தாள் ஆராயி. மூச்சு வாங்கியது, இறக்கவில்லை. பின்னாலேயே விருத்தாம்பாள், விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடியே வழி முழுக்க வந்தாள். களிமண் குழிப் பக்கம் வந்ததும் ஆராயி நின்றாள். அந்தண்டைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இவ்ளோ பெரிய பொண்ண ஏம்மா தூக்கிட்டு வரே?"

"இப்பதாங்க குடுத்தாங்க" என்றாள் ஆராயி.